ஜுரத்துக்கு ஒரு பேர்

தார்ச்சாலை முடிந்து மண்சாலை தொடங்கும் இடத்தில், மலையின் மேல், ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் சுகிர்தா என்ற பெண்மணி அதை நடத்திவந்தார்.

ஒரு நாள் அங்கே டாக்டர் தணிகாசலம் பெட்டியுடன் வந்து இறங்கினார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரைத்திருந்தது. சுகிர்தாவைவிட வயதில் மிகவும் மூத்தவர்.

"இத்தனை வருஷமா என் பேஷன்ட் எல்லாரும் தூங்கிட்டு இருந்தவங்க," என்றார். "முழிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கத்துக்கணும். சொல்லித் தருவீங்களா?"

"எனக்குச் சொல்லித்தர வராது சார். கூட இருங்க," என்றார் சுகிர்தா.

அவர் கூட இருந்தார்.

மழை ஓய்ந்த மாதம் வந்தது. ஜுரக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு காலையில் வெள்ளையன் என்பவர் தன் மகள் பூங்காவனத்தைத் தோளில் சாய்த்து அழைத்துவந்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவள். அங்கே ஜுரம் கண்டு, தகரக் கொட்டகையிலேயே கிடந்து, முடியாமல் ஊர் திரும்பியிருந்தாள். கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளையன் ஒரு சீட்டை நீட்டினார். அடிவாரத்துக் கடைத்தெருவில் ரத்தம் கொடுத்து வாங்கியது. டைபாய்டு பாசிட்டிவ் என்று எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

சுகிர்தா சீட்டைப் படித்து, மடித்து, அவரிடமே கொடுத்தார். பிறகு பூங்காவனத்தை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பார்த்தார். அவசரப்படவில்லை.

"என்னா ஜுரம் டாக்டரம்மா?" என்று கேட்டார் வெள்ளையன்.

"இன்னும் தெரியலங்க. டைபாய்டா இருக்கலாம். வேற ஜுரமாவும் இருக்கலாம்."

"சீட்டுல போட்டிருக்குதே."

"அதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாதுங்க. ரத்தம் எடுத்துக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கிருமி இருந்தா அங்க வளரும். பதில் வர சில நாளாகும். அதுவரைக்கும் சும்மா இருக்க மாட்டேன், டைபாய்டுக்கான ஊசியே போடுறேன். படுக்க வெச்சுப் பார்ப்போம்."

வெள்ளையன் தலையாட்டினார். "டைபாய்டா இருக்கலாமாம்," என்று மகளிடம் சொன்னார். மகள் கண்ணைத் திறக்கவில்லை.

ஊசி போடுமுன் சுகிர்தா ரத்தம் எடுத்தார். கஞ்சித்தண்ணி நிறத்தில் கிருமி வளர்க்கும் திரவம் நிறைந்த ஒரு பாட்டிலில் அதைச் செலுத்தினார். பாட்டில் மத்தியான பஸ்ஸில் கீழே இறங்கிப் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு தணிகாசலம் கேட்டார்.

"சீட்டு பாசிட்டிவ். ஜுரம் ஒரு வாரத்துக்கு மேல. நாக்கு, வயிறு எல்லாம் பொருந்துது. டைபாய்டுன்னே சொல்லிட்டா என்ன?"

சுகிர்தா எழுந்து ரத்தப் பரிசோதனை அறைக்குப் போனார். நர்ஸ் தேன்மொழியிடம் தன் கையை நீட்டினார். பிறகு தேன்மொழியின் கையிலிருந்தும், ஜீப் ஓட்டும் கோபியின் கையிலிருந்தும் அவரே கொஞ்சம் ரத்தம் எடுத்தார். ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, ஒரு கண்ணாடித் தகட்டில் தனித்தனிச் சொட்டாக வைத்தார். கடைத்தெருவில் செய்கிற அதே பரிசோதனை. அதற்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, தகட்டை லேசாக ஆட்டினார்.

கோபியின் சொட்டு அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் பால் திரிவதுபோலத் திரிந்தன.

"எனக்கு டைபாய்டா சார்?" என்றார் சுகிர்தா.

தணிகாசலம் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பவோ குடிச்ச தண்ணிய ரத்தம் ஞாபகம் வெச்சிருக்கு. இன்னிக்கு என்ன ஜுரம்னு அதுக்குத் தெரியாது," என்றார் சுகிர்தா.

மறுநாள் காலையில் பூங்காவனத்தின் படுக்கை காலியாக இருந்தது. போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள்: "இங்க இவங்களுக்கே தெரியலையாம். கீழ கடைத்தெருவுல ஒருத்தர் பாத்த ஒடனே சொல்லிடுவாராம். அங்க கூட்டிட்டுப் போறேன்னு அவங்கப்பா சொன்னாரு."

சில நாள் கழித்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பாட்டிலில் டைபாய்டு கிருமி வளர்ந்திருந்தது.

"அப்ப சீட்டு சொன்னது சரிதான்," என்றார் தணிகாசலம்.

"சரிதான்," என்றார் சுகிர்தா. "கோபிய ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க. எனக்கு இங்க பிரசவம் ஒண்ணு இருக்கு. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

வெள்ளையனின் வீடு மேட்டில் இருந்தது. ஜீப் பாதி தூரம்தான் போனது. தணிகாசலம் மூச்சு வாங்க ஏறினார். பூங்காவனம் வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் களை வந்திருந்தது.

வெள்ளையன் கட்டிலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார்.

"பொண்ணுக்கு டைபாய்டுதான். உறுதியாயிடுச்சு," என்றார் தணிகாசலம்.

"அதான் சரியாயிடுச்சிங்களே. கீழ போனதும் டைபாய்டுன்னு சொன்னாரு. மூணு ஊசி, ஒரு குளுக்கோஸ். ஜுரம் விட்டுடுச்சி."

"ஜுரம் விட்ட மாதிரி இருக்கும். மருந்த நடுவுல நிறுத்தக் கூடாது. கிருமி உள்ளயே இருக்கும். குடல்ல ஓட்டை போடும்."

வெள்ளையன் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஐயா, ஜுரம் அடிச்சப்ப நீங்க தெரியலன்னீங்க. ஜுரம் விட்ட பெறகு டைபாய்டுங்கிறீங்க. நான் எதை நம்பறது?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்று பூங்காவனம் சிரித்தாள். "நல்லாப் பசிக்குது."

தணிகாசலம் வெகுநேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் அவளைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். வயிறு பலகைபோல் இருந்தது. சுகிர்தா கையை வைத்த உடனே எடுத்துவிட்டார். ஜீப்பில் ஏற்றி மாவட்டத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தணிகாசலம் கூடப் போனார்.

வழியெல்லாம் அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுக்கும்வரை விடவில்லை. பிறகு கை தானாகத் தளர்ந்தது. அவள் விழிக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வெள்ளையன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உள்ளே போனார். மடியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரே ஓர் அட்டையில் மட்டும் இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

"மீந்தது. வேற யாருக்காவது ஆகும்."

சுகிர்தா எழுந்து நின்றார். தணிகாசலமும் எழுந்தார்.

"தெரியலன்னு நீங்க சொன்னீங்க. தெரியும்னு அவரு சொன்னாரு," என்றார் வெள்ளையன். "எனக்கு ஒரே பொண்ணு. நான் எங்கம்மா போவேன்?"

"தெரிஞ்சவர்கிட்டதான் போவீங்க," என்றார் சுகிர்தா. "தெரியலன்னு சொன்னவ, தெரியற வரைக்கும் உங்க கூடவே இருப்பேன்னும் சொல்லியிருக்கணும். நான் சொல்லலீங்க."

வெள்ளையன் மாத்திரை அட்டைகளை அவர் பக்கமாக நகர்த்திவைத்தார். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார்.

மாலையில் தணிகாசலம் கேட்டார்.

"அன்னிக்கு டைபாய்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இங்கயே இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்க."

"அந்தப் பொண்ணு பிழைச்சிருக்கும்."

"பிழைச்சிருக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"தெரியாம சொல்ல எனக்கு வராது சார்."

"நான் சொல்லுவேன்," என்றார் தணிகாசலம். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இனிமே யார்கிட்டயும் தெரியலன்னு சொல்ல மாட்டேன். ஒரு பேரைச் சொல்லி உட்கார வெச்சிடுவேன். அப்புறம் மெதுவா கண்டுபிடிச்சுக்கலாம்."

"சரி," என்றார் சுகிர்தா.

அன்றிலிருந்து இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேசினார்கள்.

சுகிர்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியின் பக்கத்தில் உட்காருவார். "இன்னும் தெரியல. காலையிலயும் சாயங்காலமும் நானே வந்து பாப்பேன். எங்கயும் போயிடாதீங்க," என்பார். சிலர் இருந்தார்கள். சிலர் போனார்கள்.

தணிகாசலம் நின்றபடியே சொல்வார்: "டைபாய்டு. இங்கயே இருங்க, குணமாயிடும்." எல்லாரும் இருந்தார்கள். பலருக்கு அது டைபாய்டாகவே இருந்தது. அவருடைய பேர் மலையில் பரவியது. பெரிய டாக்டரு எங்கே என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அறுவடை நேரத்தில் மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்களில் வயிற்றுப்போக்கு கண்டது. சுகிர்தா மருந்துப் பெட்டிகளுடன் அங்கே போய்த் தங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியைத் தணிகாசலத்திடம் விட்டுப் போனார்.

அவர் போன அன்றைக்கே ஏழுமலை வந்தான். காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவன். மனைவி அஞ்சலையும் மச்சானும் அழைத்துவந்தார்கள். பல நாள் ஜுரம், மண்டை பிளக்கிற வலி. அவர்கள் கையிலும் அடிவாரத்துச் சீட்டு இருந்தது. பாசிட்டிவ்.

மச்சான் வெளியே நின்றபடியே சொன்னான்: "இங்க வேணாம்கா. வண்டி பேசிட்டேன். கீழ போயிடலாம்."

தணிகாசலம் வாசலுக்கே வந்தார். ஏழுமலையின் நெற்றியில் கை வைத்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அழுத்தினார்.

"டைபாய்டு," என்றார். "எனக்கு நல்லாத் தெரியும். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கிறேன். எங்கயும் அலைய வேணாம்."

அஞ்சலை தம்பியைப் பார்த்தாள். தம்பி வண்டிக்காரனைப் போகச் சொன்னான்.

"கீழ அனுப்புறதுக்குப் பாட்டில்ல ரத்தம் எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்டாள் தேன்மொழி.

"எதுக்கு? அதான் டைபாய்டுன்னு சொல்லிட்டேனே. ஊசியப் போடும்மா."

ஊசி போட்டார்கள். ஜுரம் இறங்கவில்லை. அஞ்சலை கேட்டபோது, "டைபாய்டுன்னா அப்படித்தான். மெதுவாத்தான் இறங்கும்," என்றார். அது உண்மைதான். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னார். தினமும் காலையில் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜுரக் கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சுகிர்தா திரும்பிவந்தபோது ஏழுமலை வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. அஞ்சலையை அம்மா என்று கூப்பிட்டான்.

"டைபாய்டு," என்றார் தணிகாசலம். "நாலு நாளா ஊசி போகுது. இறங்க நேரமாகும்."

சுகிர்தா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சட்டையக் கழட்டலாமாம்மா?" என்று அஞ்சலையிடம் கேட்டார். அக்குளைப் பார்த்தார். முதுகைப் புரட்டிப் பார்த்தார். லுங்கியைத் தளர்த்தி, இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றை விரலால் மேலே நகர்த்தினார்.

கயிற்றுக்கு அடியில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சிகரெட்டால் சுட்டு ஆறியதுபோல. சுற்றிலும் சிவப்பு. அஞ்சலைகூட அதுவரை பார்த்திருக்கவில்லை.

"வலிச்சுதா?" என்று ஏழுமலையிடம் கேட்டார். அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"அது வலிக்காது," என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார். "புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்ற ஜுரம் சார். கண்ணுக்கே தெரியாத பூச்சி. டைபாய்டு ஊசி இதுக்குக் கேக்காது. வேற மருந்து இருக்கு. சாதாரண மாத்திரைதான்."

தணிகாசலம் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

மருந்தை மாற்றினார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். அன்றும் மறுநாளும் தணிகாசலம் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். தேன்மொழி டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. அதற்கடுத்த நாள் காலையில் ஏழுமலையின் உடம்பு வேர்த்தது. நெற்றி குளிர்ந்தது. அவன் அஞ்சலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கேட்டான்.

தணிகாசலம் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார்.

ஏழுமலை நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கிளம்பும்போது அஞ்சலை நேராகத் தணிகாசலத்திடம் வந்து கால்களைத் தொடக் குனிந்தாள். அவர் பின்வாங்கினார்.

"என்னை இல்லம்மா. டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். டைபாய்டு இல்ல அது."

"சொன்னாங்க சார். பேரு மாறிடுச்சாம்," என்றாள் அஞ்சலை. "மாறிட்டுப் போவுது. மொத நாளு வாசல்லயே வந்து நீங்க தெரியும்னு சொன்னதாலதான் இருந்தோம். இல்லன்னா எந்தம்பி அந்த வண்டியில ஏத்தியிருப்பான்."

அவர்கள் போனார்கள். ஏழுமலை வேலிவரை போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

தணிகாசலம் சுகிர்தாவின் அறைக்குப் போனார். அவர் ஜன்னலோரம் நின்று, மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்களுக்கு அனுப்ப வேண்டிய மருந்துப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தணிகாசலம் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நான் தெரியாமலேயே தெரியும்னு சொன்னேன். அதனாலதான் அவன் இங்க இருந்தான். இருந்ததாலதான் பிழைச்சான்."

"ஆமா."

"அதே வார்த்தையாலதான் சாகவும் பாத்தான்."

"ஆமா."

"அந்தப் பொண்ணு விஷயத்துல நீங்க உண்மையச் சொன்னீங்க. பொண்ணு போயிடுச்சு." அவர் முடிச்சு விழும் இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். "எனக்கு ஒரு பதில் வேணும். அவங்ககிட்ட நான் அந்தப் பேரைச் சொன்னது சரியா, தப்பா?"

சுகிர்தா முடிச்சை இறுக்கினார். மீதிக் கயிற்றைக் கத்தரித்தார்.

"அவங்ககிட்ட சொன்னது இருக்கட்டும் சார்," என்றார். "நீங்க அதை எப்ப நம்ப ஆரம்பிச்சீங்க?"

தேன்மொழி ரத்தம் எடுக்கவா என்று கேட்டது தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது. பெட்டியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.